பின்தங்கி நின்ற சிவப்பு

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய ஆண்டில்தான் நான் ஆஸ்பத்திரி லேபரட்டரியில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அப்பா முத்தியால்பேட்டையிலிருந்து பஞ்சாலைக்கு நடந்து போய் வந்துகொண்டிருந்தார். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் பிரெஞ்சு படித்திருந்தேன். கண்ணும் நன்றாக இருந்தது. அந்த வேலைக்கு அவை இரண்டும் போதும் என்றார்கள்.

லேபரட்டரியை எல்லோரும் ‘லபோ’ என்றுதான் சொல்வார்கள். இரண்டு ஜன்னல், ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஐஸ் பெட்டி, சுவரோரம் கண்ணாடிக் குழாய்கள் அடுக்கிய தட்டுகள். மலேரியாவுக்கு ரத்தம் பார்ப்பேன், கொக்கிப் புழுவுக்கு மலம் பார்ப்பேன். ஒரு நாளைக்கு நாற்பது ஸ்லைடுகூடப் பார்த்திருக்கிறேன். நான்கைந்து வருஷத்தில், கண்ணை மைக்ராஸ்கோப்பில் வைத்தவுடனேயே ‘இது வெறும் சோகை, இது மலேரியா’ என்று எனக்குத் தெரிந்துவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அந்தக் கர்வத்தோடு இருந்த காலத்தில்தான், ஐம்பத்தொன்பதாம் ஆண்டு, அந்தப் பெண்குழந்தையின் ரத்தம் என்னிடம் வந்தது.

குழந்தைக்கு ஆறு வயது. பார்த்தால் நான்கு என்பார்கள். முகம் மஞ்சள் கலந்த வெளுப்பு, கை கால் குச்சி, வயிறு மட்டும் இடப்பக்கம் முட்டிக்கொண்டு நின்றது. சைகோனில் பிறந்த குழந்தை. அப்பா எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவுக்குப் போனவர். அப்படிப் போய்வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அங்கே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, பட்டாளம் திரும்பியபோது மனைவியையும் மூன்று வயது மகளையும் அழைத்துக்கொண்டு ஊருக்கு வந்திருந்தார். மனைவியைத் தெருவில் எல்லோரும் சைகோன்காரி என்றார்கள். வீட்டை நிர்வாகம் செய்தது சொல்தாவின் அக்கா. கணவனை இழந்தவர், குழந்தை கிடையாது, தம்பிக்காகவே வாழ்ந்தவர் என்று பெயர்.

குழந்தைக்கு ஒரு வருஷமாக இரும்புச்சத்து டானிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று, கொய்னா மாத்திரையும் கொடுத்தாயிற்று. ரத்தம் ஏறவில்லை.

ஸ்லைடை வைத்துப் பார்த்தேன். மலேரியா இல்லை. வெறும் சோகையும் இல்லை. சிவப்பணு என்றால் நடுவில் சற்று வெளிறிய வட்டமாக, ஒன்றுபோல் ஒன்று இருக்கும். இதில் பாதி அணுக்கள் வட்டத்தின் நடுவே ஒரு பொட்டு வைத்தது போல் இருந்தன. மீதி சின்னதும் பெரியதுமாக, கிள்ளிப் போட்ட அப்பளம் மாதிரி. ஆயிரக்கணக்கான ஸ்லைடு பார்த்த எனக்கு, இப்படி ஒன்றைப் பார்த்த நினைவே இல்லை. சாயம் சரியாக ஏறவில்லையோ என்று மறுபடி ஒரு ஸ்லைடு போட்டேன். அதே பொட்டுகள்.

அப்போது லபோவுக்குப் பொறுப்பாக இருந்த டாக்டர் என்னைவிட இரண்டு வயது சின்னவர். பிரான்சில் படித்துவிட்டு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. தொக்தெர் என்று கூப்பிடுவோம். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். படிப்பில் ஒருமுறை படம் பார்த்திருப்பதாகச் சொன்னார்; தென்கிழக்காசியக் குழந்தைகளில் இப்படி ஒன்று காணப்படுவதாகவும், அவர்களின் ஹீமோகுளோபினே வேறு மாதிரியானது என்றும், அதற்கு ‘இ’ என்று ஓர் எழுத்தைப் பெயராக வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். ரத்தத்துக்குச் சிவப்பு தருவதும், மூச்சுக்காற்றை உடம்பெல்லாம் தூக்கிப்போவதும் ஹீமோகுளோபின்தான். அது மனிதர்களுக்குள் வேறு வேறாக இருக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். மின்சாரத்தில் ஓட விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். அந்தக் கருவி புதுச்சேரியில் இல்லை, பட்டணத்தில் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். விசாரித்துக் கடிதம் எழுதிப் பதில் வருவதற்குள் குழந்தை என்ன ஆகுமோ என்று இருந்தது எனக்கு. கருவியில் என்னதான் இருக்கும் என்று கேட்டேன். அவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். இரண்டு தொட்டியில் உப்புக் கரைசல், இரண்டுக்கும் நடுவே பாலம் போல் ஈரமான வடிதாள், ஒரே திசையில் ஓடும் மின்சாரம். அவ்வளவுதான். இதை நாமே செய்யலாமே என்றேன்.

முத்தியால்பேட்டையில் எங்கள் தெரு முனையில் ரேடியோ ரிப்பேர் செய்பவர் ஒருவர் இருந்தார். ஆலையில் மின்சார வேலை பார்த்துவிட்டு, வேலைநிறுத்தத்தின்போது வெளியே வந்தவர். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். பழைய ரேடியோவிலிருந்து வால்வையும் டிரான்ஸ்ஃபார்மரையும் எடுத்து ஒரு பலகையில் பொருத்திக் கொடுத்தார். டார்ச் பேட்டரிக்குள் இருக்கும் கரிக்கம்பிகளைத் தொட்டியில் விடலாம் என்ற யோசனையும் அவருடையதுதான். தொட்டிக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோவிலிருந்து பீங்கான் தட்டுகள் வந்தன.

அவர் லபோவுக்கு வந்து எல்லாவற்றையும் இணைத்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்.

“இதுல கை வைக்கிறப்ப ஒரு கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கம்மா. ரெண்டு கையும் ஒண்ணா வச்சா நெஞ்சு வழியாப் பாயும்.”

முதல் ஞாயிற்றுக்கிழமை, மின்சாரச் சூட்டில் தாள் காய்ந்து, நடுவில் பழுப்பாகக் கருகிவிட்டது. அடுத்த ஞாயிறு கரைசலில் உப்பு அதிகம். சிவப்பு கலங்கிப் பரவிப்போனது. மூன்றாம் ஞாயிறு, மீன் அங்காடியிலிருந்து ஐஸ் பாளம் வாங்கிவந்து தொட்டிகளைச் சுற்றி வைத்தோம். மேலே கண்ணாடிப் பலகை போட்டு மூடினோம். காலை ஏழு மணிக்கு மூன்று பட்டைத் தாள்களில் மூன்று பேர் ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயால் கோடாக வைத்தேன். ஒன்று என்னுடையது, ஒன்று குழந்தையின் அம்மாவினுடையது, ஒன்று குழந்தையினுடையது. அப்பாவின் ரத்தம் எங்களிடம் இல்லை. அவர் வரவில்லை.

ஹீமோகுளோபினுக்குத் தன் நிறமே சிவப்பு என்பதால் அது நகர்வதை வெறுங்கண்ணால் பார்க்கலாம். முதல் இரண்டு மணி நேரம் எதுவும் தெரியவில்லை. மூன்று கோடுகளும் ஒன்றாகவே கிளம்பின. பத்து மணி வாக்கில் மாதாகோயிலிலிருந்து ஆட்கள் திரும்பும் சத்தம் வாசலில் கேட்டது. அப்போது நான் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தேன். அம்மாவின் கோடு லேசாகத் தடித்திருந்தது. பதினொன்றுக்கு அது இரண்டாகப் பிரிய ஆரம்பித்தது.

இன்றுவரை அந்தக் காட்சியை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. சாயம் போடவில்லை, மருந்து ஊற்றவில்லை. ஒரே ஒரு பெண்ணின் ரத்தம், ஒரே துளி, என் கண் முன்னால் இரண்டாக விலகிப் போனது. ஒரு பாதி என் ரத்தத்துக்குச் சமமாக முன்னால் ஓடியது. மறுபாதி பின்தங்கி நின்றது. மாலை நான்கு மணிக்கு மின்சாரத்தை நிறுத்தியபோது இரண்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது.

குழந்தையின் தாளில் பின்தங்கிய கோடுதான் அழுத்தமாக இருந்தது. முன்னால் மங்கலாக இன்னொன்று. தொக்தெர் ஒரு சோதனைக் குழாயில் குழந்தையின் ரத்தத்தோடு காஸ்டிக் சோடா கலந்தார். பெரியவர்கள் ரத்தமாக இருந்தால் ஒரு நிமிஷத்தில் பழுப்பாகிவிடும். இதில் கொஞ்சம் சிவப்பு மாறாமல் நின்றது. முன்னால் மங்கலாக ஓடியது தாயின் வயிற்றில் இருக்கும்போது சுரக்கும் ஹீமோகுளோபின், பிறந்த பிறகு மறைய வேண்டியது, ஆறு வயதிலும் இவளை இதுதான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்றார். நான் தினமும் கழுவிக் கொட்டுகிற சமாசாரத்துக்குள் இத்தனை இருக்கிறதா என்று தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்த மகிழ்ச்சியில்தான் நான் தவறு செய்தேன்.

திங்கட்கிழமை காலையில் தெருக் குழாயடியில் சொல்தாவின் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். என்ன கண்டுபிடித்தாய் என்று கேட்டார். நான் யோசிக்காமல், அம்மா வழியில் ஒரு வேறுபாடு வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு அவர் போனார். அடுத்த ஒரு வாரத்தில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. சைகோன்காரியின் ரத்தம் கெட்ட ரத்தம், அதுதான் குழந்தையைத் தின்கிறது. அவள் சமைத்ததை அந்த வீட்டில் தொடுவதை நிறுத்தினார்கள். அவளைக் கப்பலேற்றிவிட்டுத் தம்பிக்குத் தாய்மாமன் வீட்டுப் பெண்ணைக் கட்டிவைக்கப் போவதாக அக்கா வெளிப்படையாகவே பேசினார். சொல்தா வாயைத் திறக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

ஒரு நாள் மத்தியானம் அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு லபோவுக்கு வந்து நின்றாள். மூன்று வருஷத்தில் கற்றுக்கொண்ட தமிழ்.

“அக்கா, என் ரத்தம் விஷமா? நான் ஊருக்குப் போனா பாப்பா நல்லா ஆகுமா?”

அப்படி இல்லை, அப்படி இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். நம்பவில்லை என்று தெரிந்தது.

அவள் போன பிறகு அவளுடைய ஸ்லைடை எடுத்து மறுபடியும் பார்த்தேன். அதுவரை தாளையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெண்ணின் அணுக்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பொட்டு இருந்தது. அவளுக்குச் சோகை இல்லை, காமாலை இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு முத்தியால்பேட்டையிலிருந்து வெயிலில் நடந்து வந்தவள். பின்தங்கும் ரத்தம் பாதி இருந்தும் அவள் நன்றாக இருக்கிறாள். அப்படியானால் குழந்தைக்கு மட்டும் ஏன் இப்படி? தாளில் என் ரத்தத்துக்குச் சமமாக ஓடும் பாதி, அப்பாவிடமிருந்து வர வேண்டியது, குழந்தையிடம் ஏன் இல்லை?

தொக்தெரிடம் கேட்டேன். அப்பாவின் ரத்தத்தைப் பார்க்க வேண்டும் என்றார்.

சொல்தா வர மறுத்தார். பட்டாளத்தில் காயம்பட்டவர்களுக்குத் தான் ரத்தம் கொடுத்திருப்பதாகவும், தன் ரத்தத்தை யாரும் குறைசொன்னதில்லை என்றும் சொல்லியனுப்பினார். ஆனால் அந்த மாதமே குழந்தைக்கு மிகவும் முடியாமல் போயிற்று. ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. அப்பா ரத்தம் சேரும் என்று தெரிந்ததும் மறுபேச்சில்லாமல் வந்து கையை நீட்டினார். நீட்டிய கையிலிருந்து எனக்கும் ஒரு குழாய் வேண்டும் என்று கேட்டேன். எதற்கு என்றார். உங்கள் மகளுக்குத்தான் என்றேன். எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அவருடைய அணுக்கள் ஸ்லைடில் சின்னச் சின்னதாக, வெளிறி இருந்தன. ஆறடி உயரம், பட்டாளத்து உடம்பு, உள்ளே இப்படி. பிறகு உப்புநீர் சோதனை செய்தேன். மிகவும் நீர்த்த உப்புநீரில் சாதாரணச் சிவப்பணுக்களைப் போட்டால் அவை தண்ணீரை உறிஞ்சி வீங்கி வெடித்துவிடும். குழாய் தெளிந்த சிவப்பாகிவிடும். பின்னால் வைத்த செய்தித்தாளின் எழுத்தைப் படிக்கலாம். என் ரத்தம் அப்படித்தான் ஆயிற்று. அவர் ரத்தம் வெடிக்கவில்லை. அரை மணி கழித்தும் கலங்கலாகவே இருந்தது. அணுக்களுக்குள் சரக்கு குறைவு, தொளதொளவென்று இருக்கின்றன, அதனால் வீங்க இடம் இருக்கிறது என்று தொக்தெர் விளக்கினார். அப்பாவிடமிருந்து குழந்தைக்கு வந்தது ஹீமோகுளோபினைச் சரியாகச் செய்யத் தெரியாத ஒரு பாகம். அம்மாவிடமிருந்து வந்தது வேறு மாதிரிச் செய்யும் பாகம். தனித்தனியாக இரண்டும் ஒன்றும் செய்யாது. இந்தக் குழந்தையிடம் வந்து இரண்டும் சேர்ந்துவிட்டன.

இந்த முறை நான் குழாயடியில் சொல்லவில்லை. மூன்று பேரையும் லபோவுக்கு வரச் சொன்னேன். சொல்தா, மனைவி, அக்கா. தொக்தெரும் கூட இருந்தார். மேஜை மேல் குழாய்களை வரிசையாக வைத்து, பின்னால் செய்தித்தாளைச் சாய்த்து வைத்தேன். முதலில் என்னுடையதைக் காட்டி எழுத்து தெரிகிறதா என்று கேட்டேன். தெரிகிறது என்றார் சொல்தா. அடுத்ததைக் காட்டினேன். தெரியவில்லை என்றார். அது யாருடையது என்று கேட்டார்.

“உங்களுதுதான் முசியே. பாப்பாவுக்கு வந்தது பாதி அவங்ககிட்டேர்ந்து, பாதி உங்ககிட்டேர்ந்து. ரெண்டு பேருமே நல்லாத்தான் இருக்கீங்க. யார் மேலயும் தப்பு இல்ல.”

அவர் குழாயைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காதான் பேசினார். எங்கள் வீட்டில் இப்படி யாருக்கும் இருந்ததில்லை, இந்தோசீனாவில் வாங்கிவந்த காய்ச்சலாக இருக்கும் என்றார். நான் வாதாடவில்லை. உங்கள் விரலிலும் ஒரு சொட்டுத் தாருங்கள், பார்த்துவிடலாம் என்றேன். யோசித்தார். பிறகு விறைப்பாகக் கையை நீட்டினார்.

அரை மணி நேரம் நாங்கள் ஐந்து பேரும் அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அது தெளியவில்லை.

அக்கா தானே செய்தித்தாளைக் குழாய்க்குப் பக்கத்தில் தள்ளி வைத்துக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது குரல் மாறியிருந்தது.

“எனக்கு ரெண்டு புள்ளைங்க இருந்துச்சு. பல்லு மொளைச்சு நடக்க ஆரம்பிச்ச வயசுல வெளுத்து வெளுத்து, வயிறு உப்பி, ஒண்ணு பின்னால ஒண்ணாப் போயிடுச்சு. மாந்தம்னாங்க. நான் பாத்த பார்வைதான்னு என் மாமியாரு சொன்னாங்க. அதுவும் இதானா?”

அவருக்குப் பிள்ளையே கிடையாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். தெருவில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். யாரைக் கல்யாணம் செய்துகொண்டீர்கள் என்று தொக்தெர் கேட்டார். சொந்தத் தாய்மாமனை என்றார். தொக்தெர் என்னைப் பார்த்தார். அந்தக் குழந்தைகளின் ரத்தம் இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே குடும்ப ரத்தம் என்பதால் அப்படி இருந்திருக்கலாம், நீங்கள் பார்த்த பார்வையால் எதுவும் நடக்கவில்லை என்று நான் சொன்னேன். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சைகோன்காரி எழுந்து போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தொடவில்லை. உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

இருபது வருஷமாக ஒரு பெண் தன் கண்ணில்தான் விஷம் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த நம்பிக்கையைச் சுமந்துகொண்டே இன்னொரு பெண்ணின் ரத்தத்தில் விஷம் தேடியிருக்கிறாள். நான் அவரை வெறுத்திருந்தேன். அன்றைக்கு அந்த வெறுப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

மறுநாள் வார்டில் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தது அக்காதான். கஞ்சி யார் வைத்தது என்று கேட்டேன். அவதான் வச்சா என்றார். தாய்மாமன் வீட்டுப் பெண்ணின் பேச்சு அதற்குப் பிறகு எடுக்கப்படவில்லை.

இரும்பு டானிக்கை நிறுத்தினோம். அறுபத்தொன்றில் ஆஸ்பத்திரியிலேயே அறுவைச் சிகிச்சை செய்து குழந்தையின் மண்ணீரலை எடுத்தார்கள். அதுதான் அணுக்களைப் பிடித்துப் பிடித்து அழித்துக்கொண்டிருந்தது. ஆறு மாதத்தில் அவள் மற்றப் பிள்ளைகளோடு ஓடினாள். வெளுப்பு முழுதாகப் போகவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் போனாள், சண்டை போட்டாள், என் ஸ்லைடுகளைத் திருடிக்கொண்டு போய் விளையாடினாள்.

அடுத்த ஆண்டு தொக்தெருக்கு வரும் பிரெஞ்சு சஞ்சிகைகளில் ஒரு புதிய செய்தி மறுபடி மறுபடி வர ஆரம்பித்தது. உயிரணுவின் கருவுக்குள் இருக்கும் மரபணு என்பது நீண்ட எழுத்து வரிசை. எழுத்துகள் நான்கே வகை. அந்த வரிசை கருவை விட்டு வெளியே வருவதில்லை. அதிலிருந்து ஒரு நகல் எடுக்கப்பட்டு வெளியே போகிறது. வெளியே அந்த நகலை மும்மூன்று எழுத்தாகப் படித்து, மூன்றெழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்று கோத்துக் கோத்துப் புரதம் செய்யப்படுகிறது. தொக்தெர் படிக்கப் படிக்க நான் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்துவிட்டேன். ‘இ’ ஹீமோகுளோபினைப் பற்றியும் கண்டுபிடித்துவிட்டிருந்தார்கள். நூற்று நாற்பத்தாறு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலியில், இருபத்தாறாவது இடத்தில் மட்டும் ஒன்று வேறு. இருக்க வேண்டியதற்கு எதிர்மின்னேற்றம். அதன் இடத்தில் வந்து உட்கார்ந்ததற்கு நேர்மின்னேற்றம். அதனால்தான் மின்சாரம் இழுத்தபோது அந்தச் சிவப்பு பின்தங்கி நின்றது. நாங்கள் ரேடியோ வால்வும் மீன் ஐஸும் வைத்துப் பார்த்த ஒரு விரற்கடை இடைவெளி, அந்த ஒன்றின் இடைவெளி.

அப்படியானால் சொல்தாவின் ரத்தத்தில் எது மாறியிருக்கிறது என்று கேட்டேன். அவர் ஹீமோகுளோபின் என்னுடையதைப் போலத்தானே ஓடுகிறது?

“அதுதான் புரியல. அவருக்கு மாறுனது சரக்கு இல்ல, அளவு. எழுத்துல எங்கயோ இருக்கணும். எங்கன்னு இன்னிக்கு உலகத்துல யாருக்கும் தெரியாது.”

உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒன்று எங்கள் ஐஸ் பெட்டியில், பெயர் எழுதி ஒட்டிய குழாயில் இருந்தது என்ற நினைப்பு என்னை ரொம்ப நாள் விடவில்லை.

அந்த ஆண்டுதான் ஊர் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். சொல்தாவின் குடும்பம் பிரான்சுக்குப் போவதென்று முடிவு செய்தது. மகளுக்கு அங்கே வைத்தியம் கிடைக்கும் என்பதுதான் காரணம். ரயிலடியில் அக்கா தம்பி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தானும் வருவதாக இருந்து கடைசியில் அவர் போகவில்லை.

போகாமல் இருந்து அவர் செய்தது பெரிய காரியம். சொந்தத்தில் யார் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தாலும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் என்னிடம் இழுத்துக்கொண்டு வருவார். காலாப்பட்டிலிருந்தும் கனகசெட்டிக்குளத்திலிருந்தும்கூட வந்திருக்கிறார்கள். விரலைக் குத்தி உப்புநீரில் விட்டுவிட்டு, அவரே செய்தித்தாளைப் பின்னால் வைத்துப் பார்ப்பார். இரண்டும் கலங்கலாக இருந்தால் பேச்சை அங்கேயே முறித்துவிடுவார். ஏசினார்கள், சாபம் கொடுத்தார்கள். எதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இறக்கும்வரை இதைச் செய்தார்.

நான் ஓய்வு பெற்று சில வருஷம் கழித்து பிரான்சிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. அந்தப் பெண் எழுதியிருந்தாள். நாற்பதை நெருங்கியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தருகிறாளாம். அங்கே அவளுடைய மரபணுவையே எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்திருக்கிறார்கள். முடிவின் நகலை வைத்திருந்தாள். உங்களுக்குப் பார்க்கப் பிடிக்கும் என்று எழுதியிருந்தாள்.

இரண்டே வரி. அம்மாவிடமிருந்து வந்தது: இருபத்தாறாவது மூன்றெழுத்தில் முதல் எழுத்து, ‘ஜி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஏ’. அப்பாவிடமிருந்து வந்தது புரதமாகப் படிக்கப்படாத பகுதியில் இருந்தது. மரபணுவில் நடுநடுவே அப்படிப்பட்ட துண்டுகள் உண்டு. நகல் எடுத்ததும் அவற்றை வெட்டி எறிந்துவிட்டு, மீதியை ஒட்டித்தான் உயிரணு படிக்கிறது. எங்கே வெட்டுவது என்பதற்கு அடையாளமாகச் சில எழுத்துகள். அந்த அடையாளத்தில் ஐந்தாவது எழுத்து ‘ஜி’க்குப் பதில் ‘சி’. அதனால் பெரும்பாலான நகல்கள் தப்பான இடத்தில் வெட்டுப்பட்டு வீணாகின்றன. புரதத்தில் ஒரு தப்பும் இல்லை. அதைச் செய்யச் சொல்லும் நகல்தான் போய்ச் சேருவதில்லை. உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று தொக்தெர் சொன்னதன் பதில் என் மடியில் கிடந்தது.

அவள் அதோடு நிறுத்தவில்லை. டாக்டரிடம் கேட்டு எழுதியிருந்தாள். அம்மாவின் எழுத்து இரண்டு வேலை செய்கிறதாம். சங்கிலியில் ஒன்றை மாற்றுவது ஒரு வேலை. அந்த மாற்றத்தாலேயே அந்த இடம் வெட்டுக்கான அடையாளம் போலவும் தெரிந்துவிடுகிறது. அதனால் சில நகல்கள் நடுவிலேயே அறுபடுகின்றன. ஒரே எழுத்து படிக்கும் இடத்திலும் தொந்தரவு செய்கிறது, நகல் எடுக்கும் இடத்திலும் தொந்தரவு செய்கிறது. கோடிக்கணக்கான எழுத்துகளில் இரண்டு. ஒன்று மேகாங் ஆற்றங்கரையில் எத்தனையோ தலைமுறையாக அம்மாக்கள் வழியும் அப்பாக்கள் வழியும் வந்தது. இன்னொன்று முத்தியால்பேட்டையில் தாய்மாமன்களைக் கட்டிக் கட்டி வந்தது. இரண்டையும் சந்திக்க வைத்தது ஒரு யுத்தம். சாப்பாட்டு மேஜையில் அந்தத் தாளை விரித்து வைத்துக்கொண்டு நான் காபி ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அவளுக்கு ஒரு மகன். கணவர் பிரெஞ்சுக்காரர். மகனுக்கு அம்மாவிடமிருந்து சைகோன் எழுத்து மட்டும் வந்திருக்கிறதாம், நன்றாகக் கால்பந்து விளையாடுகிறானாம்.

கடைசிப் பக்கத்தின் அடியில் அவள் அம்மா இரண்டு வரி எழுதியிருந்தாள். பிரெஞ்சு எழுத்தில் தமிழ். வாய்விட்டுப் படித்தால்தான் புரிந்தது. அக்கா, நாங்க நல்லா இருக்கோம், இங்க நெத்திலி கெடைக்கல, காஞ்சது கொஞ்சம் யாராவது வந்தா குடுத்து அனுப்புங்க.